ஓடையைக் கடந்த செல்வி

அந்தமானின் வடக்கே ஒரு சின்னத் தீவில், கடலோரமாக நடந்துபோன நானும் என் மனைவி செல்வியும் திரும்பிக்கொண்டிருக்கிறோம். காலையில் கணுக்கால் அளவே இருந்த ஓடையில் கடல் ஏறி, இப்போது இடுப்புக்கு மேல் நிற்கிறது. கடைசி பஸ் அக்கரையில். ஸ்ரீரங்கத்துக்காரியான செல்வி, காவிரியிலேயே மூன்றாம் படிக்குக் கீழே இறங்காதவள்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், எங்களைப் பார்த்துவிட்டுச் சிறு படகைத் தள்ளிக்கொண்டு வருகிறார். செல்வி ஏறாமல் நிற்கிறாள்.

“தமிழா? எங்கப்பாவுக்கு வையம்பட்டிங்க. நான் இங்கயே பொறந்தவ. நீங்க எந்த ஊரு?”

“ஸ்ரீரங்கம். அதுவும் தீவுதாங்க,” என்கிறாள் செல்வி. “ரெண்டு பக்கமும் ஆறு.”

“அந்தத் தண்ணி உப்புக் கரிக்காதா?”

“கரிக்காதுங்க. ஆத்துத் தண்ணிதானே.”

“நல்ல தண்ணிக்கு நடுவுல ஒரு தீவா!” அம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறார். “கையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்.”

செல்வி ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். நடு ஓடையில் ஒரு கண்ணைத் திறக்கிறாள். அடியில் மஞ்சள் மீன்கள் கூட்டமாக ஓடுகின்றன. மற்றதையும் திறக்கிறாள்.

அக்கரையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் குதித்து இறங்குகிறேன். செல்வி அசையவில்லை.

“என்னங்க, பஸ்ஸை நிறுத்தி வைங்க. இன்னொரு தடவை போயிட்டு வரேன்.”