ஒண்ணாங்கிளாஸ் கையெழுத்து

எல்.கே.ஜி.யில் இங்கிலீஷ் பெரிய எழுத்து, யு.கே.ஜி.க்கு வந்தால் சின்ன எழுத்து என்பது முத்தியால்பேட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஏற்பாடு. வகுப்பு பெரிதாகும்போது எழுத்து ஏன் சின்னதாகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், தொல்லையில்லாதவை. சின்ன எழுத்துகளோ நாலு கோடு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஒன்று மேல்கோட்டைத் தொட வேண்டும், ஒன்று கீழே வாலை விட வேண்டும். பிக்கு எந்தப் பக்கம் தொப்பை, டிக்கு எந்தப் பக்கம் தொப்பை என்று தினமும் குழம்பினேன். சின்ன எழுத்து வராவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டோம் என்று மிஸ் அம்மாவைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இன்னொருவரும் சின்ன எழுத்து படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை. பி.காம். முடித்தவளுக்கு பிரான்சிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பிரெஞ்சு குடியுரிமைக்காரர்கள். அதனால் சாயங்காலம் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்வந்து, சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து எழுதுவாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எழுத்துகளைச் சுழித்து, ஒன்றோடொன்று கோத்து எழுதுவாள். எது சரி என்று கேட்டால், அங்க அப்படி, இங்க இப்படி என்பாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கலந்து எழுதி, மிஸ்ஸிடம் சிவப்புப் பெருக்கல் குறிகளாக வாங்கிவந்தேன்.

அத்தையின் கையெழுத்தோ அச்சடித்தது போல இருக்கும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் மொய்க் கவரில் பெயர் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு அந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. வேலைக்குப் போகிறேன், இங்கேயே இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாக்கு குடுத்துட்டேன். இப்ப நானே போயி எப்படி வேணான்னு சொல்றது?" என்றார். அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. காரக்குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு லீவுக்கு ஊருக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தோம். ஃபிராங்க் போய் யூரோ வந்தபின் அங்கே எல்லாமே விலை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கே போனால் ஆபீஸ் ஆபீஸாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும், பெண் ரெண்டு வரி பிரெஞ்சில் எழுதிக் காட்டட்டும் என்றார். முன்னால் உட்கார்ந்து எழுதக் கூச்சமாக இருக்கிறது, உள்ளே போய் எழுதிவருகிறேன் என்று அத்தை எழுந்தாள். போகிற போக்கில் என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அறைக்குள் தன் நோட்டைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தாள். இங்க் பேனாவை என் கையில் கொடுத்தாள். பென்சிலைத் தவிர வேறெதையும் தொடவிடாத வீட்டில் இப்படி ஒரு பாக்கியம்.

"இதப் பாத்து எழுது பாப்பா. உனக்கு எப்படி வருதோ, அப்படியே எழுது."

எழுதினேன். கோடில்லாத தாளில் எழுத்துகள் மேலும் கீழுமாக ஓடின. சிலது கோத்துக்கொண்டு நின்றன, சிலது தனியாக. பியின் தொப்பை எந்தப் பக்கம் போனதோ தெரியாது. அத்தை திருத்தவே இல்லை. மை ஊறிய என் விரல்களை முந்தானையில் துடைக்கப் பார்த்தாள், போகவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெகுநேரம் பார்த்தார்.

"பி.காம்னு சொன்னீங்களே தம்பி. இது ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதுனாப்புல இருக்கு."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. யு.கே.ஜி.யையே தாண்ட மாட்டேன் என்றார் மிஸ். பிரான்சிலிருந்து வந்தவரே ஒண்ணாங்கிளாஸ் என்கிறார்! ஆனால் யாருடைய முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம். அம்மா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். தாளை வாங்கிப் பார்த்தார். என் நீல விரல்களைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"எங்க பொண்ணு எழுத்து இதாங்க," என்றார் அப்பா.

அந்த அம்மாள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துபோனார். தெருமுனையில் கார் திரும்பும்வரை பொறுத்திருந்து நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அத்தை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, அவளும் அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒண்ணாங்கிளாஸ் எழுத்து எழுதியவள் நான். அதை அப்பா அவள் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். மிஸ்ஸிடம் காட்ட அந்தத் தாளையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா இவ்வளவு அநியாயக்காரராக இருப்பார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.