முட்டி போட்டுப் பார்த்த கடை

துபாயில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருஷம் ரேக் அடுக்கும் வேலை பார்த்தேன். சாமானை எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்பார்கள். எதை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மலையாளி சூப்பர்வைசர். சேர்ந்த புதிதில், கரடி படம் போட்ட கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாக்களை நான் மேல் தட்டில் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றுவிடாமல் இறக்கி, கீழிருந்து மூன்றாவது தட்டுக்கு மாற்றினார். காசு கொடுப்பது பெரியவர்கள், வேண்டுமென்று கேட்பது பிள்ளைகள் என்றார். பிறகு ஒரு டப்பாவை என் கையில் கொடுத்து அந்தக் கரடியின் கண்ணைப் பார்க்கச் சொன்னார். அது கொஞ்சம் கீழே, பிள்ளைகளின் முகம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பி, கீழக்கரையில் எங்கள் தெருமுனையிலேயே கடை போட்டபோது இந்த வித்தை எல்லாம் கைவசம் இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம், இரண்டு வீடு தள்ளி மதரஸா. உள்ளே பொம்மை வைத்த சிப்ஸ் பாக்கெட்டுகளை பில் போடும் மேசைக்கு முன்னால், பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் சரம்சரமாகத் தொங்கவிட்டேன். நான் பில் போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகளின் கை அங்கே போய்விடும். அழுகை ஆரம்பித்துவிட்டால் எந்தத் தாயும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்கமாட்டாள். எனக்கு என் சாமர்த்தியத்தில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்த சிப்ஸ் பாக்கெட்டில் விரல் நீளத்துக்கு ரப்பர் கடல் பிராணி ஒன்று இருக்கும். மொத்தம் பத்து வகை. அவளிடம் ஒன்பது சேர்ந்துவிட்டன. கடல்குதிரை மட்டும் வரவே இல்லை. என் மனைவியின் போனில் ஒரு பெண்பிள்ளையின் வீடியோவை அவள் தினமும் பார்ப்பாள். அந்தப் பெண் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, பொம்மையைக் கையில் எடுத்ததும் வீடே அதிர்கிற மாதிரி கத்துவாள்.

ஒருநாள் சாயங்காலம் மூன்று பாக்கெட் பிரித்தும் கடல்குதிரை வராமல், என் மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அந்த வீடியோவெல்லாம் விளம்பரம்மா. உன்னைய வாங்க வைக்கிறதுக்குச் செய்யிறாங்க" என்றேன்.

"இல்ல வாப்பா. அந்த அக்கா எதையும் விக்கல. சும்மா சந்தோஷமா விளையாடுறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மடியிலிருந்த போனைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன். இனி அந்த பாக்கெட்டைத் தொடக் கூடாது என்றேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"கடையில அவ கண்ணுக்கு நேரா தொங்கவிட்டது நீங்க. வீட்டுக்கு வந்து பள்ளிவாசல்ல பேசுற மாதிரி பயான் பண்ணுறதும் நீங்க. நல்லாவா இருக்கு?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டபின் மகளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் கடை திறப்பதில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி, இருவரும் குனிந்து உள்ளே போய் விளக்கைப் போட்டோம். வாங்குகிற ஆள் யாரும் இல்லாத கடையை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி சந்தோஷம்.

"ஒரு விளையாட்டு. இங்கன யாரெல்லாம் உன்னையப் பாக்குறாங்கன்னு கண்டுபிடி" என்றேன்.

அவள் சுற்றி வந்தாள். முதலில் புரியவில்லை. பிறகு பிஸ்கட் ரேக் முன்னால் நின்று, "இந்த முயல் பாக்குது" என்றாள். அப்புறம் ஒரு குரங்கு, கண்ணாடி போட்ட ஒரு ஸ்ட்ராபெரி, பற்பசை டப்பாவில் ஒரு டைனோசர். நானும் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக என் கையால் அடுக்கிய கடை, எனக்கே வேறு கடையாகத் தெரிந்தது. நாலாபக்கமும் கண்கள், பல் தெரியும் சிரிப்புகள். கண்ணுக்கு நேரே அந்தச் சரங்கள்.

பிறகு அவளைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தினேன். மேல் தட்டுகளில் பருப்பு, உளுந்து, சீயக்காய், துணி சோப்பு.

"இங்கன யாருமே என்னையப் பாக்கல வாப்பா."

துபாய்க் கதையைச் சொன்னேன். கரடியை இறக்கி வைத்ததையும், கண் ஏன் கீழே பார்க்கிறது என்பதையும் சொன்னேன். அவள் வாய் திறந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நீங்க புள்ளைங்கள ஏமாத்துறீங்களா?"

"ஏமாத்தலம்மா. வாங்க வாங்கன்னு கூப்புடுறேன்."

"கூப்புடுறீங்கன்னு எங்களுக்குத் தெரியவே இல்லையே?"

பதினோரு வருஷத்தில் எந்த மேனேஜரும் என்னை அப்படி நிறுத்தி வைத்ததில்லை. "இனிமே தெரியும்ல?" என்று மட்டும் சொன்னேன்.

அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து என் போனில் அந்த வீடியோவைப் போட்டேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போமா என்றதும் சரி என்றாள். சத்தம் இல்லாமல் அந்தப் பெண் வாயைத் திறந்து திறந்து மூடுவது அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. இரண்டாவது தடவை பார்க்கும்போது சிரிப்பை நிறுத்தினாள்.

"வாப்பா, கத்துறதுக்கு முன்னாடி அந்த அக்கா அங்கன பாக்குறாங்க. அந்த ஓரத்துல. ஒவ்வொரு தடவையும்."

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

"அங்கன யாரு இருப்பாங்க?"

அவள் போனின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இப்பக் கத்துன்னு சொல்றவங்க."

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயானாகியிருக்கும்.

அன்று சாயங்காலம் கடை திறக்கும் முன் சரங்களைக் கழற்றி, துடைப்பங்களுக்கு மேலே கொக்கியில் மாட்டினோம். அந்த இடத்தில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், கலர் பென்சில் வந்தன. அடுத்த வாரம் கம்பெனியின் சேல்ஸ்மேன் வந்தவர் அண்ணாந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன பாய், எட்டாத உயரத்துல போய் மாட்டியிருக்கீங்க? புள்ளைங்க எப்படிப் பாக்கும்?"

"வேணும்னா கேப்பாங்க" என்றாள் மேசைக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள். அவர் என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன். நல்ல மனுஷர், சிரித்துவிட்டு டீ குடிக்க வரச் சொல்லிப் போனார்.

பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். நானும் எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறேன். என் மகளும் அதற்குப் பின் இரண்டு மூன்று தடவை வாங்கினாள். ஆனால் பிரித்துப் பார்த்து அழவில்லை. வேறு ஒரு காரியம் நடந்தது. மதரஸா விட்டதும் அவள் நாலைந்து சிநேகிதிகளைக் கூட்டி வந்து, "யாரு உன்னையப் பாக்குறா" விளையாட்டை நடத்த ஆரம்பித்தாள். பிள்ளைகள் முக்காட்டைச் செருகிக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவே குந்தி நடப்பதைப் பார்த்து, சாமான் வாங்க வந்த பெண்கள் என்ன தொலைந்துபோனது என்று கேட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும், கண்டுபிடித்த முயலை விட மனமில்லாமல் அந்த பிஸ்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. அதுவும் இருக்கட்டும்.

போன மாதம் ஷட்டர் இறக்கும்போது என் மகள் தெருவில் நின்று எங்கள் கடை போர்டை வாய்விட்டு வாசித்தாள். 'கீழக்கரையின் நம்பர் ஒன் கடை' என்று அதில் எழுதியிருக்கிறது.

"யாரு வாப்பா நம்பர் ஒன்னுன்னு சொன்னது?"

"நான்தான்."

"எல்லாக் கடையும் பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் இதைத்தான் முதலில் உம்மாவிடம் சொன்னாள். என் மனைவி சிரித்த சிரிப்பு, அன்று நான் சாப்பிட்டு எழும் வரைக்கும் அடங்கவில்லை.