கதாநாயகிக்கு என் தங்கை தந்த வசனம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலைநாட்டு ஊரான அம்பிட்டியவில் எங்கள் கோயில் திருநாளுக்கு ஒரு நாடகம் போட்டோம். அந்நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மேடையேறுவதில்லை. நான் அப்போது பள்ளி ஆசிரியன். மீசை சரியாக வளராத முகம் என்பதால் கதாநாயகி வேடம் என் தலையில் விழுந்தது.

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. என் வசனங்களை எண்ணினேன்: முப்பத்தொன்று. பத்தொன்பதை அழுதுகொண்டே சொல்ல வேண்டும். மீதிப் பன்னிரண்டும் 'உங்கள் விருப்பம்' என்று முடிந்தன. கதாநாயகனுக்கு நூற்றுக்கு மேல். ஓரிடத்திலும் அழுகை இல்லை.

அதே நாட்களில் அப்பா என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். தெல்தெனியவில் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், தங்கையைவிட இருபது வயது மூத்தவர். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தன் நீலச் சேலையை அவள் என் வேடத்துக்குக் கொடுத்திருந்தாள். வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு, தந்தை கல்யாணம் நிச்சயித்ததும் மகள் காலில் விழும் காட்சியைக் கீச்சுக்குரலில் ஒத்திகை பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, எந்தப் பொம்பள இப்படிப் பேசுறா? பூனை மாதிரி இருக்கு!"

"அழுதுகிட்டே வேற எப்படிப் பேசுறது?"

"பேச வேண்டியதப் பேசிட்டுத்தான் நாங்க அழுவோம்."

"அப்ப நீ என்ன பேசுவ?"

சிரிப்பு நின்றது. "அந்த வீட்டுல வாழப் போறது நான்தானேப்பா, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களான்னு கேப்பேன்" என்றாள், சாதாரணக் குரலில்.

திருநாளன்று மாலைப் பூசை முடிந்து நாடகம் தொடங்கியது. பொய்முடி கழன்றுவிடுமோ என்று ஊசிகளை மூன்று முறை எண்ணியிருந்தேன். அந்தக் காட்சி வந்தது. கீச்சுக்குரலும் வரவில்லை, காலில் விழவும் மனம் வரவில்லை. நிமிர்ந்து நின்று, தங்கை கேட்டதை அவள் கேட்டபடியே கேட்டுவிட்டேன். திரைக்குப் பின்னிருந்து என் உண்மையான வசனத்தை இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

"டேய், பொம்பளைக்கு வாயப் பாருடா!" என்று ஆண்கள் பக்கம் ஊளையிட்டது. பாயில் இருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "நல்லாக் கேளு புள்ள!"

மேடைத் தந்தை திகைத்துப்போய், "சரிம்மா, பொறகு பேசுவோம்" என்று உள்ளே போய்விட்டார். முன்வரிசைக் கதிரையில் இருந்த என் அப்பா சிரிக்கவில்லை. நான் கட்டியிருந்த நீலச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தங்கை தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா கோப்பையைக் கையில் வாங்காமல் கேட்டார்: "அந்தத் தெல்தெனிய விஷயம்... நீ என்னம்மா சொல்ற?"

"வேணாம்ப்பா."

அவள் அழவில்லை. அப்பா கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது பெண்களே பெண்களாக நடிக்கிறார்கள். ஆனாலும் நாடகம் பார்க்க உட்கார்ந்தால் என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கிவிடுகின்றன, அந்தப் பெண் பேசுவதில் எத்தனை பேச்சு அவளுடையது என்று.