கொலுவில் வந்து உட்கார்ந்த ஜெர்மனிக்காரர்கள்

நாங்கள் ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம், ஜெர்மனியின் பெரிய மனிதர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கொலுவில் வந்து உட்கார்ந்தார்கள். அம்பாள் சித்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆளுக்கொரு கட்டடத்தைச் சீட்டு எழுதிக் குலுக்கிக் கொடுத்து, அதன் மாதிரியைச் செய்து வரச் சொன்னார் டீச்சர். எனக்கு விழுந்தது வால்ஹாலா. பெரிய படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தைப் பற்றி இன்றைக்கும் தப்பில்லாமல் சொல்வேன். ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில், ஒரு குன்றின் மேல், பழைய கிரேக்கக் கோயில் போலவே ஒரு ராஜா கட்டியது. சுற்றிலும் பெரிய பெரிய தூண்கள், ஏறிப்போக அடுக்கடுக்காய்ப் படிகள். உள்ளே சாமி கிடையாது. பேர் பெற்ற ராஜாக்கள், கவிஞர்கள், சங்கீதக்காரர்கள், விஞ்ஞானிகளின் மார்பளவுச் சிலைகள்தான்.

அப்பா ஒரு இந்திய ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகள் மண்டபம் ஆயின. பேப்பர் டவல் சுற்றிவரும் குழல்கள் தூண்கள் ஆயின. தலைகளை நானே களிமண்ணில் பிடித்தேன். கூரையைக் கழற்றினால் எல்லோரும் வரிசையாய்த் தெரிவார்கள்.

நவராத்திரியும் அந்த வாரம்தான் வந்தது. அம்மாவிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடியும் சில பொம்மைகளும்தான் இருந்தன. ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால், கலசத்துக்குப் பக்கத்தில் கூரை கழற்றிய என் வால்ஹாலா. ஒவ்வொரு தலைக்கும் நெற்றியில் குங்குமம்.

"அம்மா, அது ப்ராஜெக்ட். ஃப்ரைடே சப்மிட் பண்ணணும்."

"கோயிலாட்டம் இருந்துச்சு, வச்சுட்டேன். கொலுவுல வச்சதை நடுவுல எடுக்கக் கூடாதுடி. விஜயதசமி கழிஞ்சு எடுத்துக்க."

"இவங்கல்லாம் சாமி இல்லம்மா."

"செட்டியார் பொம்மை வைக்கிறோம், அவரு என்ன சாமியா? பெரிய மனுஷங்கதானே, இருக்கட்டும்."

நான் அழுதேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, "லேட்டானா மார்க் குறைப்பாங்களாம். எடுத்துக் குடுத்துடேன்" என்றார்.

"சாமி காரியத்துல நீங்க பேசாதீங்க. ஏன்டி, உங்க டீச்சர் பொம்பளைதானே? வெத்தலை பாக்குக்கு வரச் சொல்லு. இங்கேயே பாத்து மார்க் போடட்டும்."

எந்தப் பிள்ளை இதைப் போய் டீச்சரிடம் சொல்லும்? வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார்.

வந்தும் விட்டார். ஷூவைக் கழற்றினார். சம்மணம் போட வராமல், காலை ஒரு பக்கமாய் மடக்கிப் பாயில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு தலையாய்க் காட்டி, இவர் இன்னார் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"முடி பறக்குதே, அவரு யாருடி?" என்று நடுவில் புகுந்தாள் அம்மா.

"பெரிய மியூசிக் எல்லாம் எழுதினவரு."

"அப்ப பாட்டு இல்லாம எப்படி?" என்றவள், அம்மன் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். எனக்குப் பாயைச் சுருட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும், இவர்கள் நெற்றியில் ஏன் சிவப்பு என்று கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் அம்மா குங்குமச் சிமிழை நீட்டிவிட்டாள். டீச்சரும் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது எனக்கு 'ஏ' என்றார்.

அந்த ஏ கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பூலம் கொடுத்து வழியனுப்பிய அம்மா, அவர் படியிறங்கிப் போன பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மார்க் வந்த சந்தோஷம் என்றே நினைத்தேன்.

இப்போது என் வீட்டிலும் கொலு வைக்கிறேன். அவசரம் என்றால், அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு பொம்மையை எடுத்துவிடலாம். அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். இது அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். முந்தின வருஷம் நவராத்திரி முழுக்கத் தாம்பூலம் எடுத்து வைத்துவிட்டு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததும், ஒரு பெண்கூட எங்கள் படியேறி வராததும்தான் அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை.