மைக்கை அணைத்த சோமனூர்க் கூட்டம்

நேற்று பீளமேட்டில் ஒரு கல்லூரி அரங்கைத் தாண்டிப் போனேன். உள்ளே யாரோ மைக்கை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் போதும், தொண்ணூறுகளுக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு ஒரு விசித்திரமான வேலை. விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பொதுமக்களோடு பேசப் பட்டறைகள் நடத்துவார்கள். அதை எப்படி நடத்துவதென்று நான் பழக்கிவிட வேண்டும். பள்ளியில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன். கல்லூரியில் நாடகம் போட்டது ஒன்றுதான் தகுதி. டாக்டர் பட்டம் வாங்கியவர்களை நிற்க வைத்து, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடியுங்கள் என்று அதட்டுவதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன்.

மைக் என்றால் எனக்குச் சண்முகம் சார்தான். அவர் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும், தறிக்குடோனுக்குள் போகும்போது காதில் வைத்துக்கொள்ள. விசைத்தறிச் சத்தம் காதை என்ன செய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. தறி ஓட்டுகிறவர்களைக் காதுப் பரிசோதனைக்கு வரவழைக்கத்தான் பட்டறையே. சோமனூரில் நடந்த முதல் கூட்டத்தில் எல்லோரும் டீயும் போண்டாவும் சாப்பிட்டார்கள். ஒருவர்கூடப் பேர் கொடுக்கவில்லை. காது மந்தமென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்தான் என்று நினைத்தோம். மனுஷர் இடிந்து போனார். இன்னொரு தடவையும் இப்படியென்றால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

அதனால் ஒரு வாரம் அவரைப் பிழிந்தெடுத்தேன். இரண்டாவது கூட்டத்தில், கல்யாண மண்டப மேடையில் நின்று, நான் சொன்னபடியே மைக்கால் வாயை மறைத்து, ஸ்லைடு ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு கணீரென்று பேசினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையிலிருந்து பழனியம்மாள் என்றொரு தறிக்காரப் பெண் எழுந்தார்.

"ஏனுங்க சார், மைக்கைக் கீழ வெச்சுப்போட்டு எங்களைப் பாத்துப் பேசுங்க. தறிச் சத்தத்துல வாயசையறதப் பாத்தே பழகிப்போச்சுங்க. மூஞ்சிய மறைச்சா ஒண்ணும் வெளங்கலீங்க."

காது கெட்டுப்போனவர்களிடம் பேச, வாயை மறைக்கச் சொல்லிக் கொடுத்த மேதை நான்தான். அங்கே விரித்திருந்த ஜமக்காளத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

சார் மைக்கை அணைத்தார். கீழே இறங்கி, நாற்காலியை அவர்கள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது உங்களுக்கு எந்தச் சத்தமெல்லாம் கேட்பதில்லை என்று நிதானமாகக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்த கேள்வி அல்ல அது. குக்கர் விசில் என்றார் ஒருவர். பின்னால் வரும் சைக்கிள் பெல் என்றார் இன்னொருவர். மகளின் கொலுசு என்ற பழனியம்மாள், "போன காது திரும்பி வருமுங்களா?" என்று கேட்டார்.

கெட்ட செய்தியை நேராகச் சொல்லக் கூடாது என்பது என் முதல் பாடம். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வராதுங்க அம்மணி. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாமுங்க."

பழனியம்மாள்தான் முதலில் பேர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது.

சார் காலமாகிப் பல வருஷமாயிற்று. பயிற்சிக்காக எல்லாக் கூட்டங்களையும் மைக் வழியாகக் கேசட்டில் பதிவு செய்வோம். சோமனூர்க் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. மைக்கை அணைக்கும் வரைக்கும் நான் பழக்கிய குரல் கணீரென்று கேட்கிறது. அதற்குப் பிறகு அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.