ஊமைத் திரையும் ஏழாம் பத்தியும்

எண்பதுகளில் போர்ட் கிள்ளானில் ஒரு மருந்துக் கிடங்கில் தலைமை எழுத்தராக இருந்தேன். கவுண்டரில் ஒரு டெர்மினல் இருந்தது. பச்சை எழுத்துத் திரை, கீழே விசைப்பலகை, சொந்த மூளை கிடையாது. மூளை கோலாலம்பூர் தலைமையகத்தில். டெர்மினலிலிருந்து ஒரு கேபிள் மோடத்துக்குப் போகும். மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பி தலைமையகத்துக்குப் போகும். அங்கிருந்து வெளியேற்ற எண் திரையில் வந்து, சீட்டில் அச்சானால்தான் சரக்கு கேட்டைத் தாண்டும்.

அந்த விதியை எழுதியவன் நான். சுற்றறிக்கையின் ஏழாம் பத்தி: கையால் எழுதிய சீட்டு செல்லாது, தொலைபேசியில் சொல்லப்படும் எண்ணும் செல்லாது. மேலிடம் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் ஒப்புதல் தந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை டெர்மினல் ஊமையானது. கர்சர் சிமிட்டியது. என்ன தட்டினாலும் பதிலில்லை.

பத்து மணிக்கு ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். ஒரு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கரைசல், நாற்பது கேன். அங்கே இருப்பு காலை நோயாளிகளோடு தீர்ந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டியவர்களில் அவருடைய தங்கச்சியும் ஒருத்தி. அதற்காகவே இந்த ஓட்டத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"பாஸ், சீட்ட மட்டும் குடுங்க. பறந்துருவேன்."

"எண் வரல."

"எண்ணு என்ன எண்ணு? சாமான் அங்க நிக்குது, லோரி இங்க நிக்குது. நடுவுல ஒரு டிவி பொட்டி!"

"டிவியா இருந்தா நாங்களே ரெண்டு தட்டு தட்டி சரி பண்ணியிருப்போம் லா, அண்ணே," என்றார் கவுண்டரில் இருந்த எழுத்தரம்மா.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. "மூணு நாளா அவளுக்குக் காலு வீங்கிக் கெடக்கு. இன்னிக்கு விட்டா மூச்சு முட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பராமரிப்புப் பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். முறைப்படி தொடங்கினேன். விசையை அழுத்தினால் மோடத்தில் அனுப்பும் விளக்கு மின்னியது. உடனே பெறும் விளக்கும் மின்னியது. ஆக, கோலாலம்பூர் பதில் சொல்கிறது, திரைக்குத்தான் கேட்கவில்லை. கேபிளைக் கழற்றி, டெர்மினலின் பின்புறம் அனுப்பும் இரண்டாம் ஊசியையும் பெறும் மூன்றாம் ஊசியையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்தேன். தட்டிய எழுத்து தானாகவே திரும்பி வந்து திரையில் நின்றது. டெர்மினலுக்கு நோயில்லை. மிச்சம் கேபிள். மாற்றுக் கேபிளைப் போன மாதம் பூச்சோங் கிளைக்குக் கடனாக அனுப்பியிருந்தோம். அந்தப் படிவத்திலும் என் கையெழுத்துதான்.

தலைமையகத் தொழில்நுட்பர் தொலைபேசியில் நிதானமாகப் பேசினார். "ஃபெடரல் ஹைவே ஜாம் சார். மூணு மணிக்கு முன்னால வர முடியாது லா."

"அப்ப எண்ணையாவது சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"சொல்லலாம் சார். ஆனா ஏழாம் பத்தி இருக்கே. நீங்கதான எழுதினீங்க?"

பன்னிரண்டு மணிக்கு நான் என் விதியை மீறினேன். கையால் சீட்டெழுதி, முத்திரை குத்தி, ஓட்டுநரோடு கேட்டுக்கு நடந்தேன். காவலர் ஓய்வுபெற்ற மலாய் ராணுவக்காரர். சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சாவடிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் சுற்றறிக்கையை மரியாதையோடு விரலால் காட்டினார். "தா போலே, என்சே." முடியாது, ஐயா. அவருக்கு மூன்று முறை வகுப்பெடுத்து அதை மனப்பாடம் செய்ய வைத்தவனும் நான்தான்.

திரும்பும்போது ஓட்டுநர் என் முழங்கையைப் பிடித்தார். "அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்கண்ணே." அதுவரை பாஸ் என்றவர்.

கேபிளை மறுபடி எடுத்தேன். முனையின் மூடியைத் திறந்து பற்றவைப்பைப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. கம்பியை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தேன். எலி கடித்த தடமில்லை. முனையின் வாயை மட்டும் பார்க்கவில்லை. ஏனென்றால் பராமரிப்பேட்டில் "இணைப்பு முனை: சுத்தம், சரி" என்று முந்தைய மாலை எழுதியிருந்தது. என் கையெழுத்தை நான் சந்தேகித்ததே இல்லை.

ஒரு மணி ஆனது. கையில் செய்ய வேறொன்றும் இல்லை. வெறுமனே அந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினேன். இரண்டு வரிசைத் துளைகள். மூன்றாம் துளை மஞ்சளாக அடைத்திருந்தது.

சந்தனம்.

அதற்கு முந்தைய ஆண்டு விசைப்பலகையில் வைத்த பொட்டு உள்ளே இறங்கி நாலு விசைகள் ஒட்டிக்கொண்டன. இனி முன்பக்கம் ஒரு துளிகூடக் கூடாது என்று சீன மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்பக்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானோ விதிகளில் இடைவெளி காண்பதில் தேர்ந்தவன். முந்தைய மாலை பூஜையில் கேபிளைக் கழற்றித் தூசி துடைத்து, அதன் உலோக விளிம்பில் பொட்டு வைத்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து நிறுத்திவிட்டுச் சூடம் காட்டினேன். சந்தனத்தில் பன்னீர் கொஞ்சம் கூடுதல். வழிந்தது உள்ளே இறங்கி இரவில் காய்ந்திருக்கிறது; காலையில் பார்க்காமலே செருகியிருக்கிறேன். தலைமையகம் பேசும் ஒரே துளையை நான் பக்தியோடு அடைத்திருக்கிறேன்.

எழுத்தரம்மா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றித் தந்தார். அதன் முனையால் துளையைக் குடைந்தேன். தூள் உதிர்ந்தபோது வாசனை அவருக்கும் தெரிந்திருக்கும். ஒன்றரைக்கு எண் வந்தது. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஓட்டுநர் வாசலில் திரும்பிக் கேட்டார்: "என்னண்ணே கோளாறு?"

"தூசி," என்றேன்.

கோளாறு அறிக்கையிலும் அதையே எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் வந்தார். லோரி போய்ச் சேர்ந்து, தங்கச்சியை மெஷினில் போட நாலரை ஆகிவிட்டதாம். அதற்குள் மூச்சுத் திணறி, ஆக்ஸிஜன் வைத்து, இரண்டு நாள் வார்டில் கிடந்து, இப்போது வீட்டில் இருக்கிறாளாம். கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். வாழையிலைத் துண்டில் விபூதியும் ஈரச் சந்தனமும்.

"இந்த மெஷினுக்கும் ஒரு பொட்டு வைங்கண்ணே. அதுதான் கடைசில காப்பாத்துச்சு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்குள் டெர்மினலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"வைக்கிறேன்," என்றேன்.

அவர் போனதும் இலையை மடித்து மேசை இழுப்பறையில், சுற்றறிக்கைக் கோப்பின் மேல் வைத்தேன். சந்தனம் காய்ந்து, வெடித்து, தூளாகும் வரை அது அங்கேயே கிடந்தது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் வாசனை வந்தது.