அம்மா கேட்ட அண்டா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவருக்குப் படையலிடும் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. மூத்த மகள் என்ற முறையில் அம்மாவின் வாழ்க்கையை எழுதும்படி தம்பி கேட்டுக்கொண்டான். "நல்லத மட்டும் எழுதுக்கா" என்றும் சொன்னான். நான் ஒரு நாளிதழில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்தி திருத்தும் வேலையில் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் பழகியிருக்கிறேன்.

அம்மா பாகூரில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த ஒரு குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். அபிஷேகப்பாக்கத்தில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டபோது சீராகக் கொண்டுவந்தவற்றில் பெரியது ஒரு பித்தளை அண்டா. நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம். அதன் விளிம்பில் அம்மாவின் பெயரும், பக்கத்தில் பாகூர் என்ற ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அது போய்வரும். அம்மா ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றினார். தம்பியும் நானும் படித்தது அந்தப் பாலில்தான்.

நான் பிளஸ் டூ படித்த ஆண்டு, அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா, மினி வேன் வாங்குவதற்காக வில்லியனூரில் ஒரு தனியாரிடம் கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சில தவணைகளுக்குப் பிறகு சித்தப்பா பணம் கட்டவில்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். கடன் வாங்கியவரும் ஜாமீன்தாரரும் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்பது தீர்ப்பு. இந்தத் தொடரைப் பின்னாளில் கோர்ட் அறிவிப்புகளில் எத்தனையோ முறை பிழை திருத்தியிருக்கிறேன். யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம் வசூலிக்கலாம் என்பதே அதன் பொருள். சித்தப்பா அதற்குள் வீட்டையும் நிலத்தையும் சித்தி பெயருக்கு எழுதிவிட்டார். வேன் அவருடைய மைத்துனர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயரில் எதுவும் இல்லை. அப்பா பெயரில் இருந்தது. ஆகவே ஜப்தி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஜப்திக்கு முதல் நாள் காலை சித்தப்பா அந்த வேனிலேயே வந்தார்.

"அண்ணி, நாளிக்கி கோர்ட்டு அமீனா வந்தா கரண்டியக்கூட வுடமாட்டான். பாத்திரம் பண்டத்தலாம் ஏத்தி வுடுங்க. நம்ம வூட்ல பத்திரமா இருக்கும்."

அம்மா ஏற்றினார். அடுப்பில் இருந்த சோற்றை வாழை இலையில் கொட்டிவிட்டு அந்தக் குண்டானையும் கழுவி ஏற்றினார். பதினேழு உருப்படி. ஒவ்வொன்றாகச் சொல்லி என் பள்ளி நோட்டில் எழுதவைத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: பித்தளை அண்டா, பேர் வெட்டினது, ஒன்று.

மறுநாள் அமீனா வந்தார். ஜப்தி உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர். நரைத்த தலை, கக்கத்தில் ரெக்சின் பை. மொபெட், டிவி, பீரோ, மின்விசிறி என்று பட்டியல் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆக்கித் துன்ற பாத்திரம் ஒண்ணுகூட இல்ல?"

அம்மா கதவை ஒட்டி நகர்ந்து நின்றார்.

"அதத்தலாம் நாங்க தொடக்கூடாதும்மா. கட்ற துணி, படுக்கிற பாயி, தாலி, சமையல் பாத்திரம், ஒழவு மாடு, வெத நெல்லு. இதுங்கள சட்டம் தொட வுடாது. யாரு ஒங்கள ஒளிச்சி வெக்கச் சொன்னது?"

குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்க ஒரு செம்பு இல்லை. குளிக்கிற பிளாஸ்டிக் மக்கைக் கழுவி, அதில் மொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். சரியாகச் சொல்வதானால், 'அவசியமான' சமையல் பாத்திரங்கள் என்றுதான் சட்டம் சொல்கிறது. நூறு பேர் அண்டா ஒரு குடும்பத்துக்கு அவசியமா என்று வழக்கறிஞர் யாராவது வாதாடலாம். அந்த அமீனா வாதாடியிருக்க மாட்டார். சட்டம் எங்களுக்கு விட்டுவைத்ததைச் சித்தப்பா விட்டுவைக்கவில்லை.

அப்பா அரைக் காணி நிலத்தை விற்று, ஏலத் தொகை போக மீதிக் கடனைக் கட்டினார். கணக்கு தீர்ந்ததாகக் கோர்ட்டில் பதிவாயிற்று. அந்த ஆண்டு காணும் பொங்கலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்து அம்மா காலில் விழுந்தார். அம்மா திருநீறு பூசிவிட்டுக் கேட்டார்.

"இன்னா தம்பி, அண்டாவ எப்ப கொண்டாந்து குடுக்கப்போற?"

"கேஸு இன்னும் முடியல அண்ணி. இப்ப எடுத்தாந்தா மறு ஜப்தில பூடும்."

அடுத்த ஆண்டும் அம்மா கேட்டார். அதே பதில் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. தன் தம்பியோடு சண்டை வேண்டாம் என்று அப்பா சாகும்வரை வாய் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு மதகடிப்பட்டில் பாத்திரம் வாடகைக்கு எடுத்தோம். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "வாடக பாத்திரத்துல ஆக்குனா ஒரு வாட அடிக்கிது அண்ணி" என்றார். அம்மா அவருக்கு மறுசோறு போட்டார். நான் என் இலையை மூடினேன். மணப்பெண்ணுக்குப் பசியில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாளிதழ் வேலையில் சேர்ந்த பிறகு, கோர்ட் செய்தி எழுதும் நண்பரிடம் விசாரித்தேன். தீர்ந்த கடனுக்கு ஜப்தி கிடையாது; மறு ஜப்தி என்ற பேச்சே பொய் என்றார். அன்றே ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்டி. அமீனா வந்துட்டுப் போன அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா வருசா வருசம் கேட்டுனு நிக்கற?"

"நான் கேக்கறத நிறுத்திட்டா அது அவுங்களுதுன்னு ஆயிடும்."

அதன் பிறகு நான் அம்மாவைத் தடுக்கவில்லை. சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்தபோது, ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த சித்தப்பாவிடமும் கேட்டார். குரல் சரியாக வரவில்லை. "ஒடம்பு தேறி வாங்க அண்ணி, பளபளன்னு வௌக்கிக் குடுக்கறன்" என்று அவர் சிரித்தார். ஒன்பதாம் நாள் அம்மா காலமானார். சித்தப்பா முதல் ஆளாக வந்து வாய்க்கரிசி போட்டார். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சித்தப்பா வேனிலிருந்து ஓர் அண்டாவை இறக்கினார். "அண்ணி காரியத்துக்கு எதுக்கு வாடகப் பாத்திரம், நம்ம வூட்லயே கெடக்குது" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அம்மாவின் பெயர் இருந்த இடத்தை அரத்தால் ராவி, அதன்மேல் சித்தப்பா மகன் பெயரை மெஷினில் வெட்டியிருந்தார்கள். ராவியவருக்கு என்ன அவசரமோ, பாகூர் தப்பித்திருந்தது. சித்தப்பா வீட்டில் பாகூரில் பிறந்தவர் ஒருவரும் இல்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜப்தி நடந்த அன்று, கேட்காமலே ஓர் அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றிய எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. எங்களிடம் உண்மையைச் சொன்ன அந்த அமீனாவின் பெயர் தெரியவில்லை. அவருக்கும் நன்றி.

அண்டாவைக் கொண்டுவந்து சேர்த்ததற்காகச் சித்தப்பாவுக்கும் நன்றி. அது எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றைய படையல் சோறு அதில்தான் வேகிறது. மீதிப் பதினாறு உருப்படியின் பட்டியல் தேவைப்பட்டால் தருகிறேன். கடந்த ஓராண்டாக மாதம் தவறாமல் தொலைபேசியில், "எப்பம்மா அண்டாவ குடுத்து அனுப்பற?" என்று அவர் கேட்டுவருகிறார். மரியாதைக் குறைவு நேராமல் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்.

"கேஸு இன்னும் முடியல சித்தப்பா. இப்ப எடுத்தாந்தா மறு ஜப்தில பூடும்."